ஒழுகல் பொறுக்காதவர்

புதுவீட்டில் பால் காய்ச்சிய அன்று வந்தவர்கள் எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்து இலைக்குக் காத்திருந்தார்கள். அவர் மட்டும் உட்காரவில்லை. வாசலில் செருப்பை விட்டுவிட்டு, என்னையோ என் கணவரையோ பார்த்துத் தலைகூட அசைக்காமல், நேராக வீட்டின் பின்பக்கம் போனார். என் பக்கத்து உறவு என்று என் கணவரும், அவருடைய அலுவலகத்து ஆள் என்று நானும் நினைத்துக்கொண்டோம். நான் பின்னாலேயே போனேன். தொட்டி வால்வை மூடிவிட்டு, கொல்லைக் குழாயின் தலையைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். சட்டைப்பையிலிருந்து சைக்கிள் டியூபில் வெட்டிய கறுப்பு வளையம் ஒன்றை எடுத்து உள்ளே வைத்து முறுக்கினார். வால்வைத் திறந்துவிட்டுக் குழாயின் வாயையே கொஞ்ச நேரம் பார்த்தார். சொட்டு விழவில்லை. கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

“இப்ப பேசலாம். நான் உங்களுக்கு அடுத்த மனை. நீங்க எந்த ஊரும்மா?”

திண்டிவனம் என்றேன். “அங்க பஸ் ஸ்டாண்டு கொழா இன்னும் ஒழுவுதா?” என்று கேட்டார்.

விழுப்புரம் ஜங்ஷனில் அவர் பைப் ஃபிட்டர். நீராவி இன்ஜின்கள் ஓடிக்கொண்டிருந்த காலம் அது. பிளாட்பாரத்தின் கோடியில் யானைத் தும்பிக்கை மாதிரி வளைந்து நிற்கும் பெரிய குழாயிலிருந்து இன்ஜினுக்குத் தண்ணீர் பிடிப்பார்கள். அந்தக் குழாய்களும், அவற்றுக்குத் தண்ணீர் கொண்டுவரும் பாதையும் அவர் பொறுப்பு. டிரைவர்கள் குழாயைச் சரியாக மூடாமல் போய்விட்டால், புறப்பட்ட வண்டியோடு கூடவே நடந்துகொண்டு திட்டுவாராம். எல்லாரும் அவரை ஃபிட்டர் என்றே அழைத்தார்கள். எனக்கு ஃபிட்டர் அண்ணன். ஐந்தாறு வருடம் அடுத்தடுத்த வீட்டில் இருந்தும், யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

ஒழுகல் என்பதை அவரால் பொறுக்கவே முடியாது. அடுத்தவர் வீட்டில் பேசிக்கொண்டிருக்கும்போது பாதி வார்த்தையில் நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டுவார். எங்கோ ஒரு சொட்டு விழுந்திருக்கும். கல்யாணப் பந்தியில் இலையை விட்டு எழுந்துபோய்த் தண்ணீர் டிரம்மின் குழாயை இறுக்குவார். தெருவில் யாராவது இன்னொருத்தர் வீட்டு விஷயத்தைப் பேசினால், “வாய்க்கு ஒரு வாஷர் போடு, ஒழுவுது” என்பார். அவருடைய மனைவி இதனால் பட்ட சங்கடம் கொஞ்சநஞ்சமல்ல. ஒருநாள் அந்த அக்கா என்னிடம் சொன்னார்: “எங்க மாமனாரு செத்தப்ப, குளிப்பாட்டிக்கினு இருக்காங்க. எல்லாம் அழுவுது. இவரு, ‘குளிப்பாட்டியாச்சு இல்ல, அப்பறம் எதுக்கு கொழா ஓடுது’ன்னு போயி மூடினாரு. மூடிட்டு அந்தக் கொழாயப் புடிச்சிக்கினே அழுதாரு.”

நாங்கள் குடியேறிய மனைப்பிரிவு ஊருக்கு வெளியே இருந்தது. முன்பு அது செங்கல் சூளைக்கு மண் எடுத்த பெரும்பள்ளம். மனை போட்டவர் அந்தப் பள்ளத்தை மார்க்கெட் கழிவு, அழுகின காய்கறி, மல்லாட்டை எனும் நிலக்கடலையின் தோல், கோழி இறகு என்று கையில் கிடைத்ததையெல்லாம் கொட்டி நிரப்பி, மேலே இரண்டு முழம் செம்மண் பரப்பி, கல் நட்டு விற்றிருந்தார். வாங்கும்போது எங்களுக்கு அது தெரியாது. பள்ளத்தின் ஓரமாக இருந்த மனைகள் எங்களுடையதும் ஃபிட்டர் அண்ணனுடையதும். நட்டநடு மனையில் அந்தோணியும் எஸ்தரும் சின்னதாக ஒரு ஓட்டு வீடு கட்டியிருந்தார்கள். அந்தோணி குட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்குகிறவர். கூலி வேலை பார்த்த இரண்டு பேரும் சேர்ந்து சொந்தமென்று கட்டிய முதல் வீடு அது. எஸ்தர் தினமும் வாசலைப் பெருக்கும்போது சுவரையும் சேர்த்துத் துடைப்பாள்.

ஐப்பசி மழை நான்கு நாள் விடாமல் பெய்து ஓய்ந்த ஒரு காலையில், வெந்நீர் போடக் குளியலறைக் கதவைத் திறந்து உள்ளே போன எஸ்தர் அடுப்பில் தீக்குச்சியைக் கிழித்தாள். பொப்பென்று ஒரு சத்தம். அவள் அலறல் எங்கள் சமையலறை வரை கேட்டது. நான் ஓடிப்போனபோது அவள் வாசலில் உட்கார்ந்திருந்தாள். புருவமும் நெற்றி முடியும் பொசுங்கியிருந்தன. இரண்டு கையிலும் தோல் வழன்றிருந்தது. அந்தோணி ஒன்றும் புரியாமல் அவள்மேல் ஈரத்துணியைப் போட்டுக்கொண்டிருந்தார்.

அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அன்று மத்தியானத்துக்குள் ஊரில் வேறு கதை ஓட ஆரம்பித்துவிட்டது. அந்தோணி சீமெண்ணெய் ஊற்றிக் கொளுத்திவிட்டான் என்றார்கள். அவளே ஊற்றிக்கொண்டாள் என்றும் சிலர் சொன்னார்கள். எஸ்தர் திரும்பத் திரும்ப, “நான் குச்சிதான் கிழிச்சேன், காத்து பத்திக்கிச்சு” என்றாள். காற்று எப்படிப் பற்றும் என்று கேட்டவர்களிடமும் அதையேதான் சொன்னாள். மறுநாள் விசாரணைக்கு ஏட்டு வந்தார். அந்தோணி கைகட்டி நின்றார். ஏட்டு நோட்டுப் புத்தகத்தை மூடி, “நட, ஸ்டேஷனுக்கு” என்ற நேரத்தில் இரண்டு நாளாக ஜங்ஷனிலேயே இருந்த ஃபிட்டர் அண்ணன் ராத்திரி டூட்டி முடிந்து வந்துகொண்டிருந்தார்.

விஷயத்தைக் கேட்டார். நேராகக் குளியலறைக்குள் போய்த் தரையில் மண்டியிட்டு மோந்து பார்த்தார். பிறகு தரையில் காதை வைத்தார்.

“ஏட்டய்யா, ஒரு அஞ்சி நிமிஷம். இங்க ஒழுவுது.”

“இன்னாய்யா ஒழுவுது? தண்ணிக் கொழாயே இல்ல இங்க.”

“தண்ணி இல்லீங்க.”

எங்கள் வீட்டிலிருந்து ஒரு குவளையில் சோப்பைக் கரைத்து நுரையாக்கிக் கொண்டுவரச் சொன்னார். சிமென்ட் தரையில் மயிரிழையாக ஒரு வெடிப்பு ஓடியது. அதன்மேல் நுரையைத் தடவினார். எல்லாரும் குனிந்து பார்த்தோம். நுரை மெல்ல உப்பியது. ஒரு குமிழி, இரண்டு, பிறகு கண்விழி அளவில் ஏழெட்டு. கதவையும் ஜன்னலையும் திறந்துபோட்டு உள்ளே இருந்த காற்று போகட்டும் என்று காத்திருந்தார். எங்களை வாசலுக்குத் தள்ளிவிட்டு, நீளமான தென்னங்குச்சியின் நுனியில் நெருப்பைப் பற்றவைத்துக் கைநீட்டி ஒரு குமிழியைத் தொட்டார். பப்பென்று நீலமாக எரிந்து அணைந்தது. இன்னொன்றைத் தொட்டார். அதுவும் எரிந்தது.

ஏட்டு இரண்டடி பின்னால் போனார். “யோவ், யாருய்யா கீழ?”

“குப்பைங்க. இத்தினி வருசமா கீழ கெடந்து அழுவிக்கினு இருக்குது இல்ல, அது வுடற மூச்சு. மழையில மேல்மண்ணு இறுகிப் போச்சு. வேற வழி இல்லாம வூட்டுக்குள்ள வந்து நிக்கிது. ராவெல்லாம் கதவு சாத்தியிருக்குது. காலைல இந்தப் பொண்ணு குச்சியக் கிழிச்சிது.”

“இத நான் இன்னான்னுய்யா எழுதறது?”

“கண்ணால பாத்தத எழுதுங்க.”

தபாலாபீஸில் வேலை செய்கிறவள் என்பதால் வாக்கியத்தை நான்தான் சொன்னேன். “தரையின் கீழிருந்து வரும் எரியக்கூடிய காற்றில் தீப்பிடித்தது.” ஏட்டு அதை எழுதிக்கொண்டு அந்தோணியைப் பார்த்து, “போய்ப் பொண்டாட்டியப் பாருய்யா” என்றார். அந்தோணி நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். ஃபிட்டர் அண்ணன் அதைக் கவனிக்கவில்லை. அவர் கண் வெடிப்பிலேயே இருந்தது. இருக்கிற எல்லா ஒழுகலுக்கும் அவரிடம் ஒரு வாஷர் இருந்தது. இதற்கு இல்லை.

அன்றிலிருந்து பத்துநாள் அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்று அக்கா சொன்னார். வெடிப்பைச் சிமென்ட் வைத்து அடைத்தால் அது வேறு இடத்தில் வந்தது. எங்கள் வீட்டு வாசற்படி ஓரத்திலும் ஒருநாள் குமிழி வந்தது. மனை விற்றவரிடம் போய்ச் சொன்னோம். காரில் வந்து பார்த்தவர், மேல்மலையனூர் அம்மனுக்கு அமாவாசையன்று ஒரு பூசை போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டுப் போனார். ஃபிட்டர் அண்ணன், “அம்மனுக்கு இருக்கற பேஜாருல இது வேறயா?” என்றார்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்து, “அடைக்க முடியாதும்மா. அதுக்கு ஒரு வழி பண்ணி நாம சொல்ற எடத்துக்கு வர வைக்கணும்” என்றார்.

மனைகளுக்கு நடுவே பூங்காவுக்கென்று விட்ட காலி இடம் இருந்தது. அங்கே நாலு இடத்தில் ஆழமாகத் துளை போட்டு, ஓட்டை போட்ட பைப்பை இறக்கி, நாலையும் ஒன்றாகச் சேர்ப்பது என்பது அவர் திட்டம். பைப்புக்கு எங்கே போவது? ரயில்வே ஸ்டோரில் இருந்த ஒருவர், வேண்டாமென்று கிடக்கிற துண்டுகளை எடுத்துக்கொண்டு போகச் சொல்லியிருக்கிறார். இவர் முகம் சுளித்துவிட்டு வந்துவிட்டார். “ஸ்டோர்லருந்து வெளிய போனா அதுவும் ஒழுகல்தான்.” கடைசியில் திண்டிவனத்தில் ஒரு பழைய ரைஸ் மில்லைப் பிரிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனார். நானும் அன்று என் தங்கையைப் பார்க்க அங்கே போயிருந்தேன். திரும்பும்போது ஒரே பஸ். பஸ்ஸின் தலையில் அவருடைய பைப்புகள் கட்டப்பட்டிருந்தன.

கூட்டேரிப்பட்டில் பஸ் நின்றபோது அவர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். தரையில் ஈரக்கோடு. அவ்வளவுதான், இறங்கிவிட்டார்.

“டிரைவர், ரேடியேட்டர் ஒழுவுது.”

“அது ஒரு மாசமா ஒழுவுது. ஏறுய்யா, ஜல்தி.”

“ஒரு மாசமா ஒழுவுதா!” அந்த வார்த்தையை அவர் சொன்ன விதத்தில் பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. எதிரிலிருந்த மளிகைக் கடைக்கு ஓடி ஒரு பொட்டலம் மஞ்சள்தூள் வாங்கிவந்தார். டிரைவர் திட்டத் திட்ட, மூடியைத் துணி சுற்றித் திறந்து, தூளை உள்ளே கொட்டித் தண்ணீர் ஊற்றி இன்ஜினை ஓடவிடச் சொன்னார். தூள் ஓட்டையில் போய்ப் படிந்து அடைத்துக்கொள்ளுமாம். கால்மணி நேரம் போனது. பயணிகள் சத்தம் போட்டார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது, அவரைத் தெரியாதவள் மாதிரி உட்கார்ந்திருந்தேன். சொட்டு நின்றதும் ஏறி வந்து என் பக்கத்து வரிசையில் உட்கார்ந்து நிம்மதியாக வெற்றிலை போட்டார். விக்கிரவாண்டியில் டிரைவர் தானே இறங்கிப்போய்க் குனிந்து பார்த்துவிட்டு வந்து, அவருக்கு ஒரு டீ வாங்கிக்கொடுத்தார்.

வேலை ஒரு மாதம் நடந்தது. போர் போடுகிறவரிடம் கைத்துளைப்பான் வாங்கிவந்து அந்தோணியும் என் கணவரும் சுற்றினார்கள். கறுப்புக் குப்பை மேலே வந்தபோது அடித்த நாற்றத்தை எழுத முடியாது. பைப்பைச் சுற்றிச் செங்கல் ஜல்லி போட்டார்கள். பைப்புகள் ஒன்றுசேரும் இடத்தில் பெட்டிக்கடைக்காரர் கொடுத்த கண்ணாடி மிட்டாய் ஜாடியில் பாதிக்குத் தண்ணீர் வைத்து, காற்று அந்தத் தண்ணீர் வழியாகக் குமிழி விட்டுத்தான் வெளியே போகவேண்டும் என்று அமைத்தார். நெருப்பு என்றைக்காவது உள்பக்கம் திரும்பினால் தண்ணீரைத் தாண்டி வராது என்றார். ஜாடியைச் சுற்றிச் செங்கல் அடுக்கி, பார்க்க ஒரு இடுக்கு மட்டும் விட்டார். அங்கிருந்து பத்தடி உயரத்துக்கு ஒரு பைப்.

ஜாடியில் முதல் குமிழி வந்த அன்று எஸ்தர் வீட்டுத் தரையில் நுரை தடவிப் பார்த்தார். உப்பவில்லை. ஒரு வாரம் தினமும் பார்த்தார். எங்கள் வாசற்படியிலும் நின்றுவிட்டது. தெருவே சந்தோஷப்பட்டது. அத்தோடு முடிந்தது என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கும் என் கணவரின் நண்பர் ஒருவர் இதைக் கேள்விப்பட்டுப் பார்க்க வந்தார். சுற்றிப் பார்த்து, பிரமாதம் என்றார். ஃபிட்டர் அண்ணன் அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“இது மேல போவுதே சார். போயி இன்னா பண்ணும்?”

நண்பர் யோசித்துச் சொன்னார். “உங்களுக்குக் கெடுதல் ஒண்ணும் இல்ல. காத்துல கலந்துடும். ஆனா விஞ்ஞானிங்க ஒண்ணு சொல்றாங்க. இந்த வாயு மேல போய்ப் போர்வை மாதிரி நின்னு வெயில் சூட்டை வெளிய விடாம புடிச்சி வைக்குமாம். பூமி கொஞ்சம் கொஞ்சமா சூடாகுமாம். கொளுத்திட்டா அது நாம விடற மூச்சுக்காத்து மாதிரி ஆயிடும். அதுவும் சூட்டைப் புடிக்கும், ஆனா இதை விட ரொம்பக் கம்மி.”

ஃபிட்டர் அண்ணன் பைப்பின் நுனியை அண்ணாந்து பார்த்தார்.

“அப்ப இன்னும் ஒழுவிக்கினுதான் இருக்குதுன்னு சொல்லுங்க.”

“யார் வீட்லயும் இல்லையே.”

“மேல ஒழுவினா ஒழுகல் இல்லியா சார்?”

மறுநாள் பைப்பின் நுனியில் காற்றுக்கு மறைப்பாக ஒரு தகரக் கூண்டு வைத்து, மூங்கில் நுனியில் துணிப்பந்தம் கட்டிக் கொளுத்தினார். தெருவில் சிரித்தார்கள். ஆகாசத்துக்கு வாஷர் போடுகிறார் என்றார்கள். அடுப்புக்குக் கொடுத்தால் விறகாவது மிச்சமாகுமே என்று நானும் கேட்டேன். அவர் அதையும் யோசித்துப் பார்த்திருந்தார். “ஒருநாள் வேகமா வருது, ஒருநாள் சோந்து போவுது. அடுப்புல அணைஞ்சது தெரியாம வூட்ல நெறஞ்சிதுன்னா? மறுபடி அந்தப் பொண்ணு கதைதான். வெளியவே எரியட்டும்.”

மழையிலும் பெருங்காற்றிலும் அணைந்துவிடும். டூட்டியிலிருந்து வந்ததும் சாப்பாட்டுக்கு முன்னால் போய்க் கொளுத்துவார். அதனால் யாருக்கும் எந்த லாபமும் இல்லை. அணைந்து கிடந்தாலும் எங்கள் வீடுகளுக்கு ஆபத்தில்லை என்று அவருக்கும் தெரியும். காய்ச்சலில் படுத்திருந்த ஒருநாள் கம்பளியைச் சுற்றிக்கொண்டு வந்து கொளுத்திவிட்டுப் போனார். அன்று எனக்கு அவர்மேல் கோபம்கூட வந்தது.

எஸ்தரின் கை ஆறிவிட்டது. ஆனால் எட்டு மாதமாக அவள் தீப்பெட்டியைத் தொடவில்லை. காலையில் அந்தோணி அடுப்பை மூட்டிவிட்டுப் போவார். அவருக்கு விடியற்கால வேலை என்றால் அவள் எங்கள் வாசலில் வந்து நிற்பாள். நான் போய் மூட்டிக்கொடுப்பேன். பைப்பின் பக்கம் அவள் தலைவைத்தும் படுத்ததில்லை.

ஆடிக்காற்று ஆரம்பித்திருந்த ஒருநாள். காலையில் நான் வேலைக்குக் கிளம்பும்போது அணைந்திருந்தது. ஃபிட்டர் அண்ணன் இரண்டு நாளாக மயிலம் ஸ்டேஷனில் வேலைக்குப் போயிருந்தார். சாயங்காலம் நானும் அவரும் ஒரே நேரத்தில் தெருவுக்குள் நுழைந்தோம். எரிந்துகொண்டிருந்தது. அவர் என்னைப் பார்த்தார். நான் இல்லை என்றேன். எஸ்தர் தன் வீட்டு வாசலிலிருந்து வந்தாள்.

“நான்தான் அண்ணே பத்த வச்சேன்.”

“பயமா இல்லியா?”

“இருந்திச்சு. ஆனா அண்ணே, எங்கருந்து வருதுன்னு தெரியாம இருந்தப்பதான் பயம். இப்ப எங்க இருக்குதுன்னு தெரியுது இல்ல?”

மறுநாள் ஃபிட்டர் அண்ணன் தன் மூங்கிலை அவளுடைய உயரத்துக்குப் பிடிக்கத் தோதாக அறுத்து, பிடியில் துணி சுற்றிக்கொண்டுவந்து கொடுத்தார். “எனக்கு டூட்டி மாறி மாறி வருது. இனிமே நீயே பாத்துக்கம்மா.” அடுத்த வாரத்திலிருந்து அவள் தன் அடுப்பைத் தானே மூட்டினாள்.

இரண்டு வருடம் கழித்து அவர் ரிடையராகி, பிரம்மதேசத்துப் பக்கம் இருந்த தன் நிலத்துக்கே போய்விட்டார். போனபிறகு மாதம் ஒரு கார்டு எனக்கு வரும். தபாலாபீஸில் பிரித்துக் கட்டும்போதே படித்துவிடுவேன். ‘ஜாடியில் தண்ணீர் இருக்கிறதா. குமிழி எப்படி.’ வேறு நலவிசாரிப்பு ஒன்றும் இருக்காது. நான் எஸ்தரிடம் கேட்டுப் பதில் எழுதுவேன். முதலில் ‘எண்ண முடியவில்லை’ என்று எழுதினேன். பிறகு ‘மெதுவாக வருகிறது’. பிறகு ‘மூச்சுவிடும் நேரத்துக்கு ஒன்று’. பந்தம் பிடித்தால் சில நாள் பற்றியது, சில நாள் பற்றவில்லை. கடைசியாக ஒரு தை மாதத்தில், குமிழி நின்று பத்துநாள் ஆகிறது என்று எழுதிப்போட்டேன்.

கார்டுக்குப் பதில் வரவில்லை. அவரே வந்துவிட்டார். முதல் பஸ்ஸைப் பிடித்து வந்தவர் எங்கள் வீட்டில் காபிகூடக் குடிக்காமல் காலி இடத்துக்குப் போனார். மெலிந்திருந்தார். நாலு பைப்பிலும் ஒவ்வொன்றாகக் காது வைத்துக் கேட்டார். மூடியைத் திறந்து மோந்தார். ஜாடிக்கு முன்னால் அரைமணி நேரம் குந்தியிருந்தார். எஸ்தர் பந்தத்தைக் கொளுத்திப் பைப்பின் நுனியில் பிடித்தாள். பந்தம்தான் எரிந்தது.

அப்புறம் ஒவ்வொரு வீடாகப் போனார். எஸ்தர் வீட்டுக் குளியலறை, எங்கள் வாசற்படி, அவர் விற்றுவிட்டுப் போன வீடு. எங்கேயும் ஒன்றுமில்லை.

“ஆச்சும்மா. உள்ள இருந்ததெல்லாம் வந்து தீந்துபோச்சு” என்றார். நாங்கள் என்னவோ சொல்வார் என்று காத்திருந்தோம். அவர், “பசிக்குது” என்றார்.

எஸ்தர் தன் வீட்டில்தான் சாப்பிடவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். கேப்பைக் களியும் கருவாட்டுக் குழம்பும். அவர் இரண்டு உருண்டை சாப்பிட்டார். கை கழுவிவிட்டு வந்தவர், கொஞ்சம் முதுகைச் சாய்க்கிறேன் என்று சொல்லித் துண்டை விரித்து வெறும் தரையில் படுத்தார். அடுத்தவர் வீட்டில் ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் அவர் அமைதியாக உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. படுத்த உடனே குறட்டை வந்தது. எஸ்தர் வேடிக்கை பார்க்க வந்த தெருப்பிள்ளைகளை வெளியே துரத்திவிட்டுக் கதவை மெல்லச் சாத்தினாள்.

நாலு மணி பஸ்ஸுக்குப் போகவேண்டும் என்று அவர் சொல்லியிருந்தார். அது ஹாரன் அடித்துக்கொண்டு மெயின் ரோட்டில் போனது. நாங்கள் யாரும் அவரை எழுப்பவில்லை.